அடுப்புக்கு மேலே இருந்த படம்

9-1-1934, சேந்தமங்கலம்

நாடகக் கம்பெனிக்கு இன்னொரு தர்பார் படுதா. முதலாளி கருப்பண்ணன் தூணுக்குத் தூண் கிளி கேட்கிறார். வரைந்து தொலைத்தேன். முன்பெல்லாம் இது உறுத்தாது. சிநேகிதன் அர்த்தநாரி வந்து கெடுத்துவிட்டுப் போனான். "ஏப்பா, இத்தன தூணு வெச்சிருக்கியே, உன்ற அரமனைய யாரு கூட்டறது?" என்று ஒருநாள் கேட்டான். அன்றிலிருந்து தூண் வரையக் கை கூசுகிறது.

ஸ்டுடியோ இல்லாமல், ஒற்றைக் கேமராவோடு கொல்லிமலை ஏறி, அங்கே குண்டூர் நாட்டுக் குடியானவர்களையே நடிக்கவைத்து ஊமைப்படம் எடுத்தவன். படம் முடிந்தது, ஆளும் முடிந்தான். ஐப்பசியில் மலைக்காய்ச்சல்.

14-1-1934

பொங்கல். அர்த்தநாரியின் படத்தை ஓட்ட டூரிங் கொட்டகைச் சின்னராசு சம்மதித்துவிட்டார். பேசும்படம் வந்தபிறகு இதை யார் பார்ப்பார்கள் என்றவர், கடைசியில், "ஒரு நாளு ஓட்டிப் பாப்போம்" என்றார். இருப்பது ஒரே பிரதி. கீழ்நாட்டு வெயில் ஃபிலிமுக்கு ஆகாது என்று அர்த்தநாரி அதை மலையிலேயே, கண்ணாயி என்ற குடியானவள் வீட்டில் கொடுத்துவைத்திருந்தான்.

17-1-1934, குண்டூர் நாடு

பிரதியை வாங்கிப்போக அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஏறி வந்தேன். வழியில் கூத்துக்காரர் சென்றாயன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ராசா வேஷம், ஆனால் கத்தவில்லை. சும்மா உட்கார்ந்து எல்லாரையும் பார்த்தார். பயமாக இருந்தது. கேட்டதற்கு, "அவருதானுங்க சொன்னாரு, ராசான்னா எந்நேரமும் கத்தோணுமான்னு" என்றார். அர்த்தநாரியைத்தான் சொல்கிறார்.

கண்ணாயியின் புருசன் மாதன்தான் படத்தில் முக்கியமான ஆள். அதே காய்ச்சலில் அவனும் போனான். "வாங்க சாமி. அவரு மூஞ்சியக் காட்டுவீங்கல்ல?" என்றாள். "பத்தரமா வெச்சிருக்கேனுங்க."

அடுப்புக்கு மேலே பரணில், விதைச் சாமையோடு வைத்திருந்தாள். பூச்சி அரிக்காமலிருக்க விதையைப் புகையில் வைப்பது இங்கே வழக்கம். டப்பாவைத் திறந்தேன். சுருள் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக் கிடந்தது. ஓரமெல்லாம் பழுப்புப் பொடி.

போச்சே. எல்லாம் போச்சேடா அர்த்தநாரி. சூடு ஆகாதுன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?

"அவரு தெரியறாருங்களா சாமி?"

"கெட்டுப்போச்சு கண்ணாயி" என்றேன்.

"வெதையாட்டந்தானுங்க வெச்சேன்" என்றாள். டப்பாவை மூடி என் கையில் கொடுத்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

19-1-1934

இறங்கிவிட்டேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

2-2-1934

முதலாளி காட்டுப் படுதா கேட்கிறார். மானும் அருவியும் வேண்டுமாம். அர்த்தநாரி படம் பிடித்தபோது கூட நின்றவன் நான். எல்லாரும் ஆளைத் தூரத்தில் நிறுத்துவார்கள். இவன் மாதனுடைய மூக்குக்கு முன்னால் போய்க் கேமராவை வைப்பான். முகமே திரை முழுக்க நிறையவேண்டும் என்பான்.

மான் வரையப்போவதில்லை.

11-2-1934

முதலாளி காட்டுப் படுதாவைப் பார்த்துவிட்டார். "யாருய்யா இவன், காட்டையே மறைச்சுக்கிட்டு நிக்கிறான்?"

"காட்டுக்காரன்" என்றேன்.

வாயில் வந்தபடி திட்டினார். நாளை மறுநாள் துறையூரில் நாடகம். வேறு காட்டுப் படுதா கிடையாது. திட்டிக்கொண்டே எடுத்துக்கொள்கிறார். முந்தாநாளே, மிளகு விற்க இறங்கிய மலைக்காரர்களிடம் கண்ணாயியை வந்து பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தேன்.

12-2-1934

காலையில் படுதாவை இறக்கிச் சுருட்டத் தொடங்கியபோதுதான் கண்ணாயி வந்து சேர்ந்தாள். ஓடிவந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "சித்த இருங்க சாமி. நான் இன்னும் அவரப் பாக்கலீங்க."

மறுபடி விரித்துக் கட்டினோம். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்பதைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார். வண்டிக்காரர் துறையூர் போகப் பூட்டிய மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டினார்.