எட்டாவது இலையும் மீசை வைத்த அம்புக்குறியும்

கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் பெலாச்சான் இறால் விழுது வாசனை வருகிறது. இன்று காலை வகுப்பில் முன் பெஞ்சுக்காரன் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினான். "டேய், பையில என்னடா வச்சிருக்க?" என்றான். "அல்ஜிப்ராவுக்குத் தொட்டுக்க" என்றேன். பெஞ்சே சிரித்தது. நீ இருந்திருந்தால் சிரிக்காமல், "எத்தனையாவது பக்கம்?" என்று கேட்டிருப்பாய். எழுபத்து நாலாவது பக்கம். அங்கேதான் உன் தாள் மடங்கிக் கிடக்கிறது, ஒரு மூலையில் போன வாரம் பட்ட சம்பல் கறையோடு.

உனக்குத் தமிழில் மடல் எழுதுவதே ஒரு சேட்டைதான். உனக்குத் தமிழ் பேசவே வராது, படிக்க எங்கே? காஜா பெராங்கில் உங்கள் மலாக்கா செட்டி வீடுகளில் நெற்றியில் திருநீறு இருக்கும், மேடையில் சாமி இருக்கும், வாயில் மலாய் இருக்கும். நாம் பேசியதெல்லாம் மலாய்தான். நடுநடுவே நான் எறியும் தமிழ் வார்த்தைகளை நீ பொறுக்கிக்கொள்வாய். ஆகவே நீயும் உன் வீட்டாரும் சொன்னதை இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன். கூட்டிச் சொன்னால் உன்னால் பிடிக்க முடியாது. கூட்டவில்லை, நம்பு.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டாவது வருஷம். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த உன் சித்தப்பா, லீவில் வரும்போது ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகம் கொண்டுவந்தார். ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் கணக்குப் போடும் மெஷினுக்கு வேலை சொல்லப் பழகுவது எப்படி என்று அதில் பாடம் பாடமாக இருந்தது. செய்ய வேண்டிய வேலை என்றால் நீள்சதுரக் கட்டம். கேள்வி என்றால் சாய்ந்த கட்டம். அதிலிருந்து 'ஆம்' ஒரு பக்கம் போகும், 'இல்லை' இன்னொரு பக்கம் போகும். கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. உன் அம்மா புளுட் என்ற ஒட்டரிசியும் குலா மலாக்கா வெல்லமும் சேர்த்துக் கிண்டி, ஆறவிட்டுச் சாய்வாக வெட்டும் வாஜிக் பலகாரம் மாதிரியே அந்தக் கேள்விக் கட்டம் இருந்ததால், அதற்கு வாஜிக் என்றே பெயர் வைத்தோம்.

மலாக்காவில் அந்த மெஷினை யார் கண்டது? அதனால் ஒருவன் எழுதுவான், மற்றவன் மெஷின் ஆவான். சட்டம் ஒன்றே ஒன்று: மெஷின் யோசிக்காது, தாளில் உள்ளதை மட்டும் செய்யும். சைக்கிளுக்குக் காற்றடிப்பதுதான் நீ எழுதிய முதல் பாடம். 'பம்பை மாட்டு', 'அழுத்து', அங்கிருந்து அம்புக்குறி திரும்பவும் 'அழுத்து'. நான் அழுத்தினேன். டயர் கல்லாகியும் அழுத்தினேன். "போதும், நிறுத்து" என்றாய். "அப்படி ஒரு கட்டம் இல்லையே" என்றேன். ஏற்கெனவே நாலு ஒட்டுப் போட்ட உன் டியூப் வெடித்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலிக்கு மேலே பறந்தன. நீ தாளை எடுத்து, 'அழுத்து' என்பதற்குக் கீழே ஒரு வாஜிக் வரைந்து, 'டயர் இறுகிவிட்டதா?' என்று எழுதினாய். பிறகுதான் என்னைப் பார்த்தாய். "மெஷின் மேல தப்பில்ல. தாள்லதான் தப்பு" என்றாய். அன்று நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறது. நான் உன் பின்னால் என் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு வந்ததும்தான்.

நான் அப்படித்தான். உங்கள் சந்தில் நான் தட்டிவிட்டு ஓடாத கதவு எது? கட்டப் படத்தில்கூடச் சும்மா இருக்க மாட்டேன். நான் வரையும் அம்புக்குறிகளுக்கு நுனியில் இரண்டு பக்கமும் சுருட்டி மீசை வைப்பேன். "உன் அம்பு எங்கேயும் போகாது, கண்ணாடி பார்த்துக்கிட்டு நிக்கும்" என்பாய். ஆனாலும் சுத்தப் பிரதி எடுக்க என்னிடம்தான் கொடுப்பாய். என் கோடு நேர், நான்தான் கோணல்.

போன வருஷம் போகி. அன்றைக்கு உங்கள் வீட்டில் பார்ச்சு. இறந்துபோன பெரியவர்களுக்குப் பெயருக்கு ஓர் இலை போட்டு, அவரவருக்குப் பிடித்ததைப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நிற்பீர்கள். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை உள்ளே யாரும் போகக் கூடாது. பிறகு தட்டிவிட்டுத்தான் கதவைத் திறப்பீர்கள். எப்போதும் நீதான் இலை போடுவாய். அன்று கோயில் வேலைக்கு உன்னைக் கூப்பிட்டதால், பதினொரு வயசுத் தங்கைக்காகப் படம் போட்டாய். 'பெயரைப் படி', 'இலை போடு', 'படையல் வை', அப்புறம் ஒரு வாஜிக்: 'இன்னும் யாராவது உண்டா?' ஆம் என்றால் மேலே போய் அடுத்த பெயர். இல்லை என்றால் 'கதவைச் சாத்து'. ஓரத்தில் ஏழு பெயர்கள்.

சுத்தப் பிரதி எடுத்தது நான். 'இல்லை' என்ற கோட்டை வளைத்து, திரும்பவும் 'இலை போடு' கட்டத்திலேயே கொண்டுபோய் மாட்டினேன். மீசையோடு.

நம் மூவரில் உன் தங்கைதான் நல்ல மெஷின். ஏழு இலை போட்டாள். கிழிந்தால் மாற்ற என்று வெட்டி வைத்திருந்த எட்டாவதையும் போட்டாள். பிறகு வாசலுக்கு வந்து உன் அம்மாவிடம், "மாக், இலை தீர்ந்துபோச்சு, இன்னும் வேணும்" என்றாள். வெளியே நின்ற நான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். நீயும் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து சேர்ந்தாய்.

உன் அம்மா உள்ளே போய்ப் பார்த்தார். "எட்டாவது யாருக்கு?" என்றார். அவர் குரல் உயரவில்லை. ஆனால் என் சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. பெயரில்லாமல் இலை போடுவது ஆகாது, போட்டதை எடுக்கவும் கூடாது. நீ தாளை வாங்கிப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "நான்தான் மாக், தப்பா வரைஞ்சுட்டேன்" என்றாய். உன் அம்மா அன்று முழுக்க உன்னோடு பேசவில்லை. கதவு திறந்ததும் நீ நேரே போய் அந்த எட்டாவது இலைக்கு முன்னால் உட்கார்ந்தாய். "எனக்குத்தான் போட்டிருக்கு, போதுமா?" என்று தங்கையைச் சிரிக்க வைக்கப் பார்த்தாய். அந்த இலையில்தான் சாப்பிட்டாய்.

சந்து முனைவரை என்னோடு நடந்து வந்தாய். திட்டுவாய் என்று நினைத்தேன். "தாளை நான் திருத்த மாட்டேன். கெடுத்தவன் திருத்தட்டும்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். "நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். எத்தனையோ நாளை வந்தது. நான் திருத்தவில்லை.

ஜூன் விடுமுறைக்கு முன்னால் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வாசல்வரை ஒரு நாள் வந்தேன். உள்ளே வந்து உன்னிடம் என்ன ஜோக் சொல்வது என்று தெரியவில்லை, திரும்பிவிட்டேன். நாலாம் நாள் பள்ளியில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு உங்கள் தெருப் பக்கமே வரவில்லை. செங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து பள்ளிக்குக் காஜா பெராங் வழியாக வருகிறவன், புக்கிட் பாருவைச் சுற்றிக்கொண்டு வந்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம், "கால்பந்துக்குக் கால் பழக்குறேன்" என்றேன். உண்மை வேறு. ஆளில்லாமல் ஓர் இலை போடவைத்தேன்; அதில் நீ உட்கார்ந்தாய்; ஆறு மாதத்துக்குள் போய்விட்டாய். இந்த மூன்றுக்கும் நடுவே நானே அம்புக்குறி போட்டுக்கொண்டேன். அழிக்கத் தெரியவில்லை.

போன வாரம், போகிக்கு முதல் நாள், பள்ளிக் கேட்டில் உன் தங்கை நின்றாள். வளர்ந்துவிட்டாள். "அபாங், மாக் கூப்பிடுறாங்க" என்றாள். இன்னும் அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுகிறாள். "எதுக்கு?" என்றேன். "இலை போடணும். தாள் இன்னும் தப்பாவே இருக்கு. நீங்கதான் திருத்தணுமாம்."

மறுநாள் வந்தேன். உன் அம்மா அடுப்படியில் சம்பல் கிண்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைக்காமலே, உன் சட்டைப்பையில் கிடைத்த தாளை எடுத்து நீட்டினார். கறை அப்போது பட்டதுதான்.

"மாக்சிக், அது நான்…" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். அம்புக்கு மீசை வைக்கிறவன் இந்த ஊர்ல எத்தனை பேர்?"

"அவன் சொன்னானா?"

"அவனா சொல்லுவான்? தாளைப் பார்த்தேன், தெரிஞ்சுது."

கேட்கத்தான் வந்தேன். கேட்டேன். "அந்த எட்டாவது இலைதான் அவனைக் கூப்பிட்டுச்சா, மாக்சிக்?"

அவர் கரண்டியை வைத்துவிட்டார். "எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. உன் மேல அவ்வளவு கோபம். ஆஸ்பத்திரியில அவன் பக்கத்துக் கட்டில்ல ஒரு சீனப் பையன் இருந்தான். அதே காய்ச்சல். அவனும் போயிட்டான். அவங்க வீட்ல யார் இலை போட்டா?" அடுப்பில் தீயைக் குறைத்தார். "இலை யாரையும் கூப்பிடாது. வந்தவங்களுக்குச் சோறு போடத்தான் இலை. போ, உக்காந்து திருத்து. நேரமாகுது."

ரப்பரால் அந்தக் கோட்டை அழித்தேன். 'இல்லை' என்பதிலிருந்து 'கதவைச் சாத்து' என்பதற்கு நேராக ஒரு கோடு இழுத்தேன். மீசை வைக்கவில்லை. பிறகு ஓரத்தில் ஏழு பெயருக்குக் கீழே உன் பெயரை எழுத வேண்டியிருந்தது. அதை எழுத, படத்தைத் திருத்தியதைவிட அதிக நேரம் ஆனது.

உன் தங்கை பெயர் பெயராகப் படித்து இலை போட்டாள். ஏழு முடிந்ததும் வாஜிக்கில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். "இன்னும் யாராவது உண்டா, அபாங்?"

"உண்டு" என்றேன்.

எட்டாவது இலையில் உன் அம்மா நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு வைத்தார், சம்பல் வைத்தார், நடுவில் இரண்டு வாஜிக் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம். நீ எப்போதும் மெதுவாகத்தான் சாப்பிடுவாய், அதனால் நான் அவசரப்படவில்லை. பிறகு உன் அம்மா என்னைப் பார்த்து, "நீ தட்டு. உனக்குத்தான் பழக்கமாச்சே" என்றார்.

தட்டினேன். அந்தச் சந்தில் தட்டிவிட்டு ஓடாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

தாளை உன் அம்மா என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த போகிக்கு நான் கொண்டுவர வேண்டுமாம். இப்போது காஜா பெராங் வழியாகத்தான் பள்ளிக்குப் போகிறேன். புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் வாசனை வருகிறது, பையன்கள் மூக்கைப் பொத்துகிறார்கள். பக்கத்தை மாற்றவில்லை.