நூற்றெட்டுக் கிலோவும் ஒரு மாம்பழமும்

ஆனி, ஞாயிறு
வெயில். காக்கை குடை கேட்கும் வெயில். ஊர் முழுக்க மாம்பழ வாசனை. மாங்கனித் திருவிழாவுக்கு இன்னும் மூன்று நாள்.

கமலா அக்கா கோட்டுச்சேரியிலிருந்து வந்தாள். மோர் குடித்தாள். அழுதாள். மகள் தேன்மொழிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தையில்லை. சாமி வரும்போது மாடியிலிருந்து வீசுகிற பழத்தைப் பிடித்துத் தின்றால் பிறக்கும் என்பார்கள். இத்தனை வருஷத்தில் அக்கா கைக்கு ஒரு கொட்டைகூடச் சிக்கவில்லை.

"டேய், இந்தத் தடவ நீ போடா. உன்னத் தாண்டி எவன் புடிப்பான்?"

ஒப்புக்கொண்டேன். எடை நூற்றெட்டுக் கிலோ. நான் தெருவில் இறங்கினால் பஸ் ஒதுங்கும், கடல் ஓரடி உள்வாங்கும்.

திங்கள்
தேன்மொழியே வந்தாள். கோவில்பத்தில் இயற்பியல் டீச்சர். நான் நாடாக் கட்டிலில். ஓரத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தாள். உருண்டு வந்து என் தொடையில் முட்டியது.

"நீங்க இழுத்தீங்களா மாமா? இல்ல. நாடாவப் பள்ளமாக்குனீங்க, அது பள்ளத்துல வந்துச்சு. பூமியும் இப்படித்தான், தன்னச் சுத்தி எடத்தையும் நேரத்தையும் வளைக்குது."

"அப்ப நான் நின்னாலே மாம்பழம் வளைஞ்சு வருமே!"

"வரும். ஆனா அந்த வளைவ அளக்குற கருவி இனிமேதான் பொறக்கணும்."

கடைசிச் சொல்லில் குரல் தடுக்கியது. எலுமிச்சையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "கனமான பொருள்கிட்ட நேரமும் மெதுவாத்தான் ஓடும்" என்றாள்.

அடுப்படியிலிருந்து என் தர்மபத்தினி பத்மா: "அதான் கொத்தமல்லி வாங்கப் போனா மத்தியானம் ஆவுதா?"

புதன்
எடுத்துப் போனவை: துண்டு 2, குடை 1 (தலைகீழாக விரிக்க), தைரியம் ஏராளம். கூடவே தேன்மொழி.

சப்பரம் வந்தது. மாடி மாடியாக மாம்பழ மழை. குதித்தேன். பூமி விடவில்லை, என்மேல் அதற்குத் தனிப் பாசம். தலைக்கு மேல் ஒல்லி ஆசாமிகள் பறந்தார்கள். குடை போச்சு. வலது செருப்பு போச்சு. பழம் பூஜ்யம். சப்பரமும் தாண்டிவிட்டது.

"பரவால்ல மாமா, வாங்க போலாம்." சொன்னது வாய். கண் இன்னும் மாடிகளில்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், யார் வீட்டு வாசலிலோ கிடந்த நாடாக் கட்டிலின் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தேன். கட்டில் கதறியது. நாடா தரை தொட்டது. மேலே யாரோ கூடையின் கடைசிப் பழத்தை வீசினார்கள். கட்டில் ஓரத்தில் விழுந்தது. நூறு கைகள் நீண்டன. அது ஒருவரையும் மதிக்காமல் வளைந்து உருண்டு என் மடியில் வந்து அமர்ந்தது.

"மாமா! எலுமிச்சம்பழம்!" டீச்சர்தான் கத்தினாள்.

இரண்டு கையாலும் வாங்கினாள். தோலோடு கடித்தாள். முழங்கை வரை சாறு. சத்தியமாக, தெருவில் நேரம் நின்றது.

கட்டில்காரம்மா: "சாமி புண்ணியம் இருக்கட்டுங்க. மொதல்ல எந்திரிங்க, நாடா அறுந்துபோச்சு!"

முயன்றேன். பள்ளம் விடவில்லை. கை கொடு என்றால் தேன்மொழி கொடுக்கவில்லை. இரண்டு கையிலும் கொட்டை.