அந்த மருந்துக்காகக் காத்திருக்காதே

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். நீ வலியில்லாமல் சாப்பிடுகிறாயா? இதை யாரும் எழுதித் தரவில்லை. முதியோர் வகுப்பில் படித்து, எழுத்து எழுத்தாக நானே எழுதுகிறேன். ஒரே குஷி!

நான் கூட்டித் துடைக்கும் ஆய்வகத்தில் உனக்கு வந்திருக்கும் சினைப்பைப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி செய்கிறார்கள் என்று நான் சொன்னதும், ஆஸ்பத்திரி ஊசியை நிறுத்திவிட்டு அதற்குக் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டாயே! எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்று விஞ்ஞானி அம்மாவிடம் அந்த மருந்தில் ஒரு குப்பி கேட்டே விட்டேன். திட்டவில்லை, பயப்படாதே. உட்காரவைத்து டீ கொடுத்தார்.

“புற்றுநோய் செல் மேல ஒரு மாதிரி சர்க்கரை ஒட்டியிருக்கும் தாத்தா. அதையே நாங்க செஞ்சு, உடம்புக்கு எதிரியை அடையாளம் காட்டுறோம். ஆனா இப்ப எலிக்கு மட்டும்தான்.”

“என் வீட்டுக்காரி எலியைவிடக் கொஞ்சம்தாம்மா பெரிசு.”

அவர் சிரிக்கவில்லை. “மனுஷங்களுக்கு வர வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் அவங்க தாங்கமாட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க.”

என் சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது. பொத்தானும் நூலும் அனுப்பு. இங்கே யாரிடம் கேட்பது?

திங்கட்கிழமை உன் தம்பியோடு ஊசிக்குப் போய்விடு. முடி கொட்டினால் கொட்டட்டும், என் தலையில் மட்டும் என்ன இருக்கிறது? நீ இரு. அது போதும்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்