வயிற்றுப் புள்ளிகள்

செல்ல மகளுக்கு,

நீ அனுப்பிய இருநூறு தவளை வயிற்றுப் படங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒன்பதே நாளில் பார்த்து முடித்துவிட்டோம்.

ஆய்வில் அடையாளம் தெரிவதற்காக ஒவ்வொரு தவளைக்கும் வெவ்வேறு விரல்களை வெட்டுகிறாய் என்று தெரிந்ததும் அன்று போனில் கத்திவிட்டேன். "அப்ப ஒவ்வொண்ணுக்கும் வேற வேறயா இருக்கிற வயித்துப் புள்ளிய வச்சு நீங்களே கண்டுபிடிங்கப்பா, பாக்கலாம்!" என்று நீ போனை வைத்துவிட்டாய். கத்தியது தப்புதான். ஆனால் வாத்தியாராக இருந்தபோது, ஒரே சீருடையில் வந்த அறுபது பிள்ளைகளை நான் ஒரு வாரத்தில் தெரிந்துகொள்வேன். யார் காதையும் நறுக்கிக் குறி வைத்ததில்லையே!

முதலில் தடுமாறினேன். ஒரு தவளையைப் புதிது என்று எழுதப் போனபோது உன் அம்மா, "ஏங்க, இது பழைய ஆளுதான். படத்தைத் தலைகீழா வச்சிருக்கீங்க" என்று சிரித்தாள். அன்றிலிருந்து அவள்தான் தலைமையாசிரியை.

இருநூறு படங்களிலும் திரும்பத் திரும்ப வருவது மொத்தம் எழுபத்து மூன்று தவளைகள்தான் என்று எங்களுக்கு விடை வருகிறது. பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். வெட்டிய விரல்களை வைத்து நீ எடுத்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார். சரியாக இருந்தால், திங்கட்கிழமை புதுக் குளத்துக்குப் போகும்போது கத்தரியை எடுத்துப் போகாதே.

தப்பாக இருந்தால் மறைக்காமல் சொல். இன்னும் இருநூறு அனுப்பு. மேசையை நாங்கள் இன்னும் காலி செய்யவில்லை. மடியில் தட்டை வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

உன் அப்பா