தம்பியைத் தூக்குகிறவர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம்தான் என்று போனில் சொன்னேன் அல்லவா, அப்போது அம்மா என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். எனக்கு யார் எதிரிலும் பேச வராது என்று உனக்குத் தெரியும். எழுதவாவது வருகிறதா பார்க்கிறேன்.

அப்பா பேக்கரிக்கு ஒரு ஆளைச் சேர்த்திருக்கிறார் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அவர் யார் என்று உன்னிடம் யாரும் சொல்லவில்லை. அவர்தான் அந்த வேன்காரர், அக்கா. ராத்திரியெல்லாம் ஓட்டிவிட்டு விடியும்போது கண் அசந்து, நம் தம்பி கால் மேல் வேனை ஏற்றியவர்.

ஜெயிலிலிருந்து வந்த பிறகு யாரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லையாம். ஒருநாள் கடைக்கு எதிரே வந்து நின்றார். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. ரொட்டி வாங்கத்தான் தயங்குகிறார் போல என்று நான் நினைத்தேன். பார்த்ததும் அப்பாவுக்கு அவரை அடையாளம் தெரிந்துவிட்டது. கை மாவைக்கூடத் துடைக்காமல் வெளியே போனார். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வந்து, ஆணியில் மாட்டியிருந்த தன் ஏப்ரனையே எடுத்துக் கொடுத்தார். அந்த ஆள் அதைக் கட்டத் தெரியாமல் அழுதார்.

அப்பா அம்மாவைக் கேட்கவே இல்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். அம்மா அன்று சாயங்காலம் கத்தியபோது அப்பா உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நீயும்தானே தினமும் என்கூட முழங்கால் போட்டு மன்னிக்கிறோம்னு சொல்ற? தனியா வேற கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையே" என்றார். அவர் வம்புக்குச் சொல்லவில்லை அக்கா. அப்பாவுக்கு ஜெபத்தில் சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து குடும்ப ஜெபத்தில் மன்னிக்கிறோம் என்கிற அந்த ஒரு வரி வரும்போது அம்மா வாயை மூடிக்கொள்கிறாள். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்கிறாள். நடுவில் அப்பாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைக்கிறேன். அது ஆண்டவருக்குக் கணக்கில் வருமா என்று தெரியவில்லை.

சபையில் போதகர் அப்பாவை எழுந்து நிற்கச் சொல்லி, இதுதான் சிலுவை சுமப்பது என்று பிரசங்கம் பண்ணினார். அம்மா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாள். ஆராதனை முடிந்ததும் எல்லோரும் அப்பாவிடம் வந்து கை கொடுத்தார்கள். கை கொடுத்தவர்களில் பாதிப் பேர் இப்போது வேறு கடையில் ரொட்டி வாங்குகிறார்கள். ஜெயிலுக்குப் போன கை பிசைந்த மாவு வேண்டாமாம். தையற்கார அக்கா மட்டும் நேராக என் முகத்துக்கு எதிரேயே கேட்டுவிட்டாள், "உங்கப்பா பரிசுத்தவான் ஆகுறதுக்குப் பெத்த பிள்ளையோட காலுதான் கிடைச்சுதா?" என்று. நான் பன் பாக்கெட்டைக் கட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டேன்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் நன்றாக வளர்ந்துவிட்டான், கனக்கிறான். மாடி வீட்டிலிருந்து கீழே கடைக்கு அவனைத் தூக்கி இறக்கி இறக்கி அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்பா விடியும் முன்பே அடுப்படியில் நிற்க வேண்டும். நான் தூக்கினால் இரண்டு பேரும் சேர்ந்து உருளுவோம். கொஞ்ச நாள் அவன் ஜன்னல் பக்கமே கிடந்தான். பிறகு வேன்காரர் தானாகவே மேலே வந்து அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். தடுக்கவில்லை.

விபத்து நடந்தபோது தம்பி அவர் முகத்தைப் பார்க்கவே இல்லையே. அவனுக்கு அவர் மாவு மாமா. "மாமா, லிஃப்ட்டு ஏன் லேட்டு? கரண்ட் பில் கட்டலையா?" என்று கேலி பண்ணுவான். அவர் சிரிக்கவே பயந்து சிரிப்பார். கடையில் அவனை மூட்டைமேல் உட்கார வைத்து, கையில் ஒரு உருண்டை மாவு கொடுப்பார். எனக்கு அவரை வெறுக்க வேண்டும் போல இருக்கும், முடியாது. வெறுக்காமல் இருந்தால் அம்மாவுக்குத் துரோகம் பண்ணுவது போல இருக்கும்.

அவரே போய்விடுகிறேன் என்றுதான் சொன்னார். "என்னால உங்க வீடு உடையுது ஐயா" என்றார். அப்பா விடவில்லை. "உன்னை அனுப்பிட்டா நான் இத்தனை வருஷம் முழங்கால் போட்டது பூரா நடிப்புன்னு ஆயிடும்" என்றார். சொல்லும்போது அப்பா முகத்தில் கொஞ்சங்கூடச் சந்தோஷம் இல்லை அக்கா. அதைப் பார்க்காதவர்கள்தான் அவர் பெயர் வாங்கப் பார்க்கிறார் என்கிறார்கள். அப்பா இளைத்துவிட்டார். ரொட்டித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு எடுத்தோம் என்று மறந்து நிற்கிறார்.

நேற்று அம்மா தம்பியிடம் சொல்லிவிட்டாள். அவன் மாவு மாமாவைக் கொஞ்சிப் பேசுவதைக் கேட்கக் கேட்கத் தாங்காமல், "அவன்தான்டா உன் காலை எடுத்தவன்" என்றுவிட்டாள். சொன்ன பிறகு அவளே தலையில் அடித்துக்கொண்டாள். தம்பி ராத்திரி சாப்பிடவில்லை.

இன்று காலை அவர் வழக்கம்போல மேலே வந்தார். தம்பியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள் என்று எங்கள் முகத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. வாசலிலேயே நின்றார். தம்பி ரொம்ப நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இரண்டு கையையும் அவர் பக்கம் நீட்டினான். அவர் தூக்கினார். கீழே போகும்வரை தம்பி கண்ணைத் திறக்கவே இல்லை.

அவன் கை நீட்டியதைக் கேட்டு அப்பா, "பார்த்தியா, பிள்ளை மன்னிச்சுட்டான்" என்று சொன்னார். அம்மா கத்தவில்லை. "பிள்ளைக்கு இறங்க வேற வழி இல்ல" என்றாள். அவ்வளவுதான்.

தம்பியிடம் நான் கேட்கவில்லை. எது உண்மை என்று அவனுக்கே தெரிந்திருக்குமா?

அம்மா இப்போது துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை தம்பியோடு சின்ன மாமா வீட்டுக்குப் போகிறாளாம். அங்கே படி இல்லை. நானும் வர வேண்டும், தம்பியைப் பார்க்க ஆள் வேண்டும் என்கிறாள். நான் போனால் கடையில் அப்பாவும் அவரும் மட்டும்தான். அப்பா என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், யார்மேலாவது கோபப்பட்டிருப்பேன்.

உனக்கு எழுதுகிறேன் என்றதும், அம்மா மனம் இளக வேண்டும் என்று உன்னை ஜெபிக்கச் சொன்னார் அப்பா. அப்பாவுக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று உன்னை ஜெபிக்கச் சொன்னாள் அம்மா. இரண்டையும் எழுதிவிட்டேன். இரண்டு பேரும் அழுதுகொண்டேதான் சொன்னார்கள். இதில் எதைக் கேட்டால் ஆண்டவருக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

உனக்கு லீவு கிடைக்காது என்று தெரியும். கிடைத்தால் சனிக்கிழமைக்கு முன்பே வா அக்கா. நீ யாருக்கும் புத்தி சொல்ல வேண்டாம், யார் பக்கமும் நிற்க வேண்டாம். நீ பெரியவள், பலசாலி. ஒரே ஒரு நாள் காலையில் அவர் மேலே வரும்போது, தம்பியைத் தூக்கி இறக்க நீயும் பக்கத்தில் வந்து நில். யார் கையை அவன் கேட்கிறான் என்று அப்போதாவது எங்களுக்குத் தெரியட்டும்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. எங்களையும்.

உன் தங்கை