பின்பெட்டியில் போனவனுக்கு

இன்று காலை ரயிலில், பொன்னேரியில் ஏறிய நாலு பேர், உட்கார்ந்ததும் ஒரு துண்டை எடுத்து எல்லோர் முழங்காலுக்கும் மேலாக இழுத்து விரித்து, சீட்டைக் கலைக்க ஆரம்பித்தார்கள். கும்மிடிப்பூண்டி வரும்வரை அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீ கண்ணை மூடி நாலு மாதம் ஆகிறது. உன்மேல் எனக்கு இருந்த வயிற்றெரிச்சல் மட்டும் இன்னும் தினமும் என்னோடு வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். சிப்காட்டில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ ஐ.டி.ஐ., நான் டிப்ளமோ. எனக்கு இங்கிலீஷ் வரும், வரைபடம் பார்க்கத் தெரியும். நீயோ மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாய். புது பிரஸ் மிஷினைக் கற்றுக்கொள்ள நம் இருவரையும் மூன்று வாரம் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். நான் ராத்திரி பகலாக நோட்டு எழுதினேன். அந்தப் பயிற்சியாளர் முதல் பீஸை அடிக்க உன்னைத்தான் கூப்பிட்டார். உன் பெயரைத் தப்பில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்ட அந்த மனிதர், கடைசி நாள் வரை என்னை 'உன் நண்பர்' என்றே சொன்னார். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். நான் ஒரு தடவைகூட மறக்கவில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கோட்டை பார்க்கப் போவது என்பது என் திட்டம். எந்த ரயில், எத்தனை மணி, எங்கே இறங்குவது என்று ஒரு வாரம் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தேன். அன்று என்ன வெயில். அந்த ஊர் ரயிலில் ஏசியும் இல்லை, ஃபேனும் இல்லை. "இன்னா வாத்தியாரே, அத்திப்பட்டு சிக்னல்ல நிக்கிற மாரியே வேவுது?" என்றாய், நம் காலை ரயிலைத் தினமும் நிறுத்திப் போடும் இடத்தை நினைத்து. நோட்டும் கையுமாக இருந்ததால் எனக்கு நீ வைத்த பெயர் 'வாத்தியார்'. கேட்கிறவர்களுக்கு மரியாதையாகத் தெரியும், எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

எதிரே ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். நீ பையிலிருந்து துண்டை எடுத்தாய். அவர்களுடைய முழங்கால்களின் மேலும் உன் மேலும் விரித்தாய். சீட்டுக்கட்டை வைத்தாய். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு ஜெர்மன் தெரியாது. பத்து நிமிஷத்தில் நீங்கள் ஐந்து பேரும் கழுதை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தீர்கள். தோற்ற அப்பாக்காரர் கழுதை போலக் கத்தினார், பெட்டியே சிரித்தது. நடைபாதைக்கு இந்தப் பக்கம் நான் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். "வா வாத்தியாரே, உனக்கும் போடறேன்" என்றாய். வேண்டாம் என்றேன். நீ இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், முதலில் ஜெர்மனில், பிறகு இங்கிலீஷில். அடுத்த ஸ்டேஷனில் ரயில் இரண்டாகப் பிரியும். முன் இரண்டு பெட்டி கோட்டைக்கு, பின் இரண்டு பெட்டி வேறு பக்கம். நாம் இருந்தது பின்பெட்டி.

ரயில் நின்றது. நான் எழுந்தேன். உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன். உன் கையில் சீட்டு, சின்னப் பெண் உன் தோளில் சாய்ந்து எட்டிப் பார்க்கிறாள், நீ தலையைத் தூக்கவில்லை. போகட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று நினைத்தேன். இறங்கி, முன்பெட்டிக்கு நடந்து போய் ஏறிக்கொண்டேன். அந்த ஊர் சிம் போட்ட போன் நம் இருவருக்கும் ஒன்றுதான். அது என் பையில் இருந்தது.

கோட்டையில் நான் பார்த்தது ஒன்றும் நினைவில்லை. சாயங்காலம் லாட்ஜ் வாசலில் அந்தக் குடும்பமே உன்னைக் கொண்டுவந்து விட்டது. தலை ஈரம், மூக்கு வெயிலில் கருத்திருந்தது, கையில் ஒரு பை நிறைய செர்ரி. ஏதோ ஒரு ஏரிக்குப் போனீர்களாம். நான் திட்டுவதற்கு முன்னால் நீ பேசினாய்.

"தப்பா நெனச்சிக்காத. ஆட்டத்துல ஒன்ன உட்டுட்டேன். ரொம்ப தேடினியா?"

"ஆமாம், ரொம்பத் தேடினேன்" என்றேன். நீ பாதிக்கும் மேல் செர்ரியை எனக்குக் கொடுத்தாய். நானும் வாங்கித் தின்றேன்.

ஊருக்குத் திரும்பியதும், காலை ரயிலில் எல்லோரும் உன்னைச் சுற்றிக்கொண்டார்கள். "அந்த ஏரிக் கதைய சொல்லுப்பா" என்று யாரோ கேட்க, நீ தொண்டையைச் செருமினாய். நான் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன். மறுவாரம் முதல் கம்பெனி பஸ்; நீ போன பிறகுதான் மறுபடி ரயிலில் ஏறினேன். நான் திட்டம் போட்ட நாளை நீ உன்னுடையதாக்கிக்கொண்டாய் என்று எனக்கு ஆத்திரம். அந்தக் கதையை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் லாக்கரில் இருந்த ஷூவையும் டிபன் பாக்ஸையும் கொடுக்க உன் வீட்டுக்குப் போனேன். காபி கொண்டுவந்த உன் மகள் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, அந்த ஏரில நீங்க பேண்ட்ட மடிச்சிக்கினு கரையிலயே நின்னீங்களாமே? அப்பாதான் கையப் புடிச்சி தண்ணில இஸ்த்துட்டாராமே?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வீட்டிலும் ரயிலிலும் இத்தனை வருஷமும் நீ அந்தக் கதையை 'நாங்க ரெண்டு பேரும்' என்றே சொல்லி வந்திருக்கிறாய். நான் விட்டுவிட்டுப் போனது உனக்குத் தெரிந்துதான் என் மானத்தைக் காப்பாற்றினாயா, இல்லை, நான் இல்லாமல் அந்த நாள் உனக்கு நிறையவில்லையா? எதுவாக இருந்தாலும் இதிலும் நீயே என்னை முந்திக்கொண்டாய். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது, பார்த்துக்கொள்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். சொன்னால் அவள் அப்பா பொய்க்காரர் ஆகிவிடுவார். "ஆமாம்மா, தண்ணி ஜில்லுன்னு இருந்தது" என்றேன்.

அவள் விடவில்லை. "அப்பா எப்டி இருந்தாரு மாமா, அந்தத் தண்ணில? நீங்கதானே பக்கத்துல இருந்து பாத்தீங்க."

அதைச் சொல்ல இந்த ஊரில் வேறு ஆள் இல்லை என்று நம்பிக் கேட்கிறாள். "சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாரும்மா" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் சொல்லச் சொன்னாள். நான் பார்க்காத உன் முகத்தைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னேன்.

அந்தக் குடும்பம் அன்று உன்னைத் தண்ணீரில் பார்த்தது. இப்போது என் பொறாமையெல்லாம் அவர்கள் மேல்தான்.