பூசணிக்காயில் பட்ட குண்டு

1939 ஒக்டோபர் 6, வெள்ளி

தொண்டர் படையில் சேர்ந்திருக்கும் என் கணவர் இன்று முதல் தடவையாகத் துவக்கால் சுட்டுப் பழகிவிட்டு வந்தார். பூசணிக்காயைக் குறியாக வைத்துச் சுடச் சொன்னார்களாம்.

"முன்னால விரல் நுழையிற ஓட்டைதான். பின்னால போய்ப் பார்த்தா பாதிக் காயையே காணோம். மனுசன் மேல பட்டா..." என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

என் அண்ணன் போன யுத்தத்தில் பஸ்ராவில் குண்டு பட்டுச் செத்தவன். படையில் அவன் கூட இருந்த சிநேகிதர் கண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து, "சின்னத் துளைதான் அம்மா, தூங்குற மாதிரியே கிடந்தான்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எழுந்து நடமாடினார்.

"அண்ணனுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா?" என்று கேட்டேன்.

"அது பழைய துவக்கு. இவ்வளவு வேகம் கிடையாது."

அவருக்குப் பொய் சொல்ல வராது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிநேகிதரும் அன்று அப்படித்தான் நின்றார். அந்தச் சிநேகிதர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எப்படித்தான் வாய் வந்து சொன்னாரோ, பாவம்.

மாலைச் செபத்தில் அம்மா வழக்கம்போல், மகனை நோகாமல் தம்மிடம் அழைத்துக்கொண்டதற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னார். நாங்கள் இருவரும் "ஆமென்" என்றோம்.